ஆறு மணிக்கு மணி அடிக்கும்

ஜூலை 7, 1995

ஊமைக்கோட்டான் அக்காவுக்கு,

ரேடியோ பேசுகிறது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். ஒன்றரை நாள் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த தபால்காரர் குடும்பத்துக்கு நம் வீட்டுக் கதை முழுக்க அத்துப்படி. இறங்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

விடுதி அறையில் நாலு பேர். மற்ற மூன்று பேரும் முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டார்கள். போகப் போகப் பழகிவிடும், அப்பாவுக்குப் பழகவில்லையா என்ன. போன் கீழ்த்தள நடையில், சுவரில் மாட்டியிருக்கிறது. வரிசையில் நின்றுதான் பேச வேண்டும். தினமும் சாயங்காலம் ஆறு மணி என்று வார்டனிடம் சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கண் போனதிலிருந்து ஒரு நாள்கூட என் மாலைச் செய்தி தவறியதில்லை. ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துச் சொன்னதை இனி இங்கே நின்று சொல்லப்போகிறேன், அவ்வளவுதான்.

உனக்கு மட்டும் கடிதம். போனை உன் கையில் கொடுத்தால் நீ ‘ம்’ என்பாய், இன்னொரு ‘ம்’ என்பாய். அதுவும் அப்பா பக்கத்தில் இருந்தால் ரகசியம் ஏது, அவருக்குக் காதுதான் இப்போது கண். ஆமாம், பல் டாக்டரிடமிருந்து போன் வந்தால் யார் பேசுவார்கள்? இத்தனை வருடம் நீயாக நடித்து நான்தான் பேசினேன். நம் குரல் ஒன்று என்பதால் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இனி உன் பாடு.

வகுப்பில் ஒரு தமாஷ். உளவியல் துறையில் புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அறுபது கேள்வி. கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா, அந்த மாதிரி. கூட்டிப் பார்த்தால் நாம் என்ன ரகம் என்று வருமாம். எனக்குப் புறமுகம், அதாவது ஊரோடு பேசுகிற ரகம், என்று வந்தது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். இதைக் கண்டுபிடிக்க அறுபது கேள்வியா, நம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே. ஒரு தாள் உனக்கும் வைத்திருக்கிறேன். நிரப்பிப் பார். உனக்கு அகமுகம் வரவில்லையென்றால் நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன்.

அப்பா சர்க்கரை ஊசி போட மறந்தால் திட்டாதே. நீ திட்டவும் மாட்டாய், முறைப்பாய். முறைத்தால் அவருக்குத் தெரியாது.

உன் ரேடியோ


ஜூலை 20, 1995

ரேடியோவுக்கு,

கடிதம் வந்தது. அப்பா நலம். ஊசி நான் போடுகிறேன்.

சலவைக்கூடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் முன்னூறு ஒரே தடவையில் போகும். சத்தம் அதிகம். யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு வசதி.

தாளை நிரப்பினேன். அகமுகம். உன் தலைமுடி தப்பித்தது.

ஐந்தே முக்காலுக்கே அப்பா போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். எதிர்வீட்டுத் தையல்காரி சொன்னாள். நான் ஏழு மணிக்கு வரும்போது முகம் மலர்ந்திருக்கிறது. நீ சொன்னதையெல்லாம் திருப்பி எனக்குச் சொல்கிறார். பஸ் ஓட்டின காலத்தில்கூட இவ்வளவு சிரித்ததில்லை.

பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. பல் வலிக்கிறது.

அக்கா


டிசம்பர் 2, 1996

அக்கா,

போன மாதம் முழுக்க நான் ஆறே தடவைதான் பேசினேன் என்று அப்பா எண்ணி வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார், ‘என்னடி ரேடியோ, நிலையம் மூடிட்டாங்களா?’ என்று. சிரித்துச் சமாளித்தேன்.

உண்மை என்னவென்றால், வரிசையில் நிற்கிறேன், என் முறை வருகிறது, எண்ணைச் சுழற்றக் கை வரமாட்டேன் என்கிறது. சொல்ல ஒன்றும் இல்லை என்றில்லை. சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாம் வருடத்தில் எங்களை ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். வாரம் மூன்று நாள். எதிரே ஒருவர் உட்காருவார். ஒரு மணி நேரம் அவர் பேசுவதை நாங்கள் கேட்க வேண்டும். வாயே திறக்கக் கூடாது, அதுதான் விதி. முதல் வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன். இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். ஒரு பழைய கொத்தனார் நாற்பது நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் தன் மகளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நான் நடுவில் ஏதாவது உளறியிருந்தால் அது வந்திருக்காது.

அறைத்தோழிகள் என்னை என்ன ஆச்சு என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. காதல் தோல்வி இல்லை, காய்ச்சல் இல்லை. நூலகத்தின் கடைசி மேஜையில் இருந்தால் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

விடுமுறைக்கு இந்த முறை வரவில்லை. இல்லத்தில் ஆள் குறைவு. கோபித்துக்கொள்ளாதே.


ஜனவரி 9, 1997

ரேடியோவுக்கு,

கோபித்துக்கொள்கிறேன்.

எனக்கு நீளமாக எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் இதை விழுங்கிக்கொண்டு இருக்க முடியவில்லை. முன்பின் தெரியாத கொத்தனார் பேச நாற்பது நிமிடம் காத்திருக்கிறாய். பெற்ற அப்பா இங்கே போனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். ஊருக்கு உபதேசம் என்பது இதுதானா?

நேற்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசியிருக்கலாம். என்ன பேசுவது? அவரோடு நான் பேசிப் பழகவே இல்லை. அவருக்குச் சாப்பாடு போடுவேன், ஊசி போடுவேன், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேச்சு உன் இலாகா.

படிப்பு ஏறினால் பேச்சு இறங்கும் என்றால் அந்தப் படிப்பு நமக்கு வேண்டாம். அவர் உன்னை எதுவும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் கேட்கிறார்.

அக்கா


பிப்ரவரி 3, 1997

அக்கா,

நீ எழுதியது எல்லாம் சரி. பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது, உனக்குப் பத்து. மறுநாளிலிருந்து வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். நீ அடுப்படியில். ஒரு நாள் தெருவில் ஒரு நாய் வாளிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அப்பா திரும்பிப் பார்த்தார். அன்றைக்குப் பேச ஆரம்பித்தவள்தான். நிறுத்தினால் அவர் மறுபடி சுவரைப் பார்ப்பார் என்று பயம். நான் வாயாடி என்று எல்லோரும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். இங்கே வந்த பிறகுதான், பேசாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத ஓர் இடத்தில் இருந்து பார்த்தேன். அந்த ரேடியோ ஒரு வேலை, அக்கா. பதினாலு வருடம் விடுப்பே எடுக்காமல் பார்த்த வேலை.

அந்தத் தாளை மறுபடி நிரப்பிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு இருந்த இடத்தில் பதினேழு. ஆசிரியையிடம் காட்டினேன். இந்த வயதில் ஆள் மாறுவது சகஜம் என்றார். மாறுகிறவளுக்குச் சகஜம்தான். வீட்டில் இருக்கிறவர்களுக்கு யார் சொல்வது?

நீ சொல். சின்னவள் இப்போது பேசுகிற ஆள் இல்லை, ஆனால் உங்கள் மேல் பிரியம் குறையவில்லை என்று அப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல். அவர் புரிந்துகொண்டால் நான் வந்து அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது போதும். அதுவரை போன் செய்யத் தைரியம் இல்லை.


ஆகஸ்ட் 11, 1997

அக்கா,

ஆறு மாதமாக நீ எழுதிய மூன்று கடிதத்திலும் ‘அப்பா நலம், சந்தோஷமாக இருக்கிறார்’ என்றுதான் இருந்தது. நீ சொல்லிவிட்டாய், அவர் ஏற்றுக்கொண்டார் என்று நம்பினேன். நேற்றுக் காலை பதினோரு மணிக்கு, நீ வேலையில் இருப்பாய் என்று தெரிந்தே, அப்பாவுக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘என்னடி புதுசா நலம் விசாரிக்கிற? நேத்துதானே அரை மணி நேரம் பேசினே. அந்த வாத்தியாரோட பூனை என்னாச்சு, கிடைச்சுதா?’

எனக்குப் பூனை வளர்க்கும் வாத்தியார் யாரையும் தெரியாது.

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

நம் குரலைப் பற்றி நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீதானே? பதில் எழுது. ‘ம்’ என்று எழுதாதே.


ஆகஸ்ட் 23, 1997

ரேடியோவுக்கு,

நான்தான்.

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொல்லத்தான் போனேன். அப்பா என்று கூப்பிட்டேன். அதற்குள் அவர், ‘பெரியவளே, ரேடியோவுக்கு என் மேல ஏதாவது வருத்தமா?’ என்று கேட்டுவிட்டார். நான் ‘இல்லை’ என்றேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் மேலாளர் கிளம்பிய பிறகு அலுவலகப் போனை எடுத்தேன். உன் செய்தியைப் போனிலாவது சொல்லிவிடலாம் என்றுதான், சத்தியமாக. அவர் எடுத்தார். நான் பேசுவதற்குள் ‘ரேடியோவா’ என்றார். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். ஆமாம்பா என்றேன். வேறு எவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

முதல் நாள் ஐந்து நிமிடம். இரண்டாம் நாள் பத்து நிமிடம். பின்னால் இயந்திரம் ஓட, அது என்ன சத்தம் என்று கேட்டார். விடுதியில் துணி துவைக்கிற மெஷின்பா என்றேன். மொத்தத்தில் நான் சொன்னதில் பாதி உண்மை அது ஒன்றுதான். அப்புறம் வாத்தியார், பூனை, பூனை திருடிய சமையல்காரி என்று ஒரு ஊரையே கட்டிவிட்டேன். பகல் முழுக்கத் துணி மடிக்கும்போது சாயங்காலம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் மடிக்கிறவளிடம் சொல்லிப் பார்ப்பேன், சிரித்தால் வைத்துக்கொள்வேன். இப்போது இடைவேளையில் எல்லோரும் என்னைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். பல் டாக்டரிடம் நானே போனில் சண்டை போட்டேன். சொன்னால் நம்பமாட்டாய், உன் பழைய தாளை அழித்துவிட்டு மறுபடி நிரப்பினேன். உனக்கு மொட்டைதான்.

ஆனால் ஏழு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்ததும் வாய் கட்டிக்கொள்கிறது. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் வேறு. அவர் நான் சொன்ன கதையை எனக்கே சொல்லிச் சிரிக்கிறார். நான் ‘ம்’ கொட்டுகிறேன்.

தப்புதான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா


செப்டம்பர் 16, 1997

அக்கா,

சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

சண்டை போடத்தான் வந்தேன். ஒன்றரை நாளும் ரயிலில் அதையே ஒத்திகை பார்த்தேன். ‘அப்பா, தினமும் பேசறது நான் இல்ல. நான் இப்போ இப்படித்தான், என்னைத் தெரிஞ்சுக்கோங்க.’ இதைச் சொல்லிவிட வேண்டும். உன் பூனைகளின் நடுவில் நான் காணாமல் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு ரேடியோ இருக்கும் வரை நான் அவருக்குத் தேவையே இல்லை.

என் சாவியால் திறந்தேன். ஐந்தே கால் இருக்கும். அப்பா போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ‘பெரியவளா? சீக்கிரம் வந்துட்டியா?’ என்றார். வாயைத் திறந்தேன் அக்கா. ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தேன். அது நீ உட்காரும் இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். விரலைத் தடவிப் பார்த்து, ‘கை மெத்துனு ஆயிருக்கே, சலவைக்கூடத்துல ஒருவழியா கையுறை குடுத்துட்டாங்களா?’ என்றார். நான் ‘ம்’ என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அப்பாவோடு அப்படி இருந்ததே இல்லை. இனி சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. என் கையை விட்டுவிட்டார்.

ரிசீவரிலிருந்து என் குரல் வந்தது. நான் பதினேழு வயதில் பேசிய வேகம், அந்த இழுப்பு, மூச்சு வாங்கும் இடம்கூட. அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வயதில் வாளி நாய்க் கதை சொன்னபோது திரும்பிய அதே முகம். நடுவில் உன்னிடம் அவர் சொன்னார், ‘பெரியவ பக்கத்துலதான் இருக்கா, இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டா’ என்று.

நீ ஒரு நொடி நிறுத்தினாய். பிறகு தொடர்ந்தாய்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து வந்துவிட்டேன். நிலையத்தில் அடுத்த ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்தது. நீ வருவாயோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு நொடியில் நீ என்ன நினைத்தாய்? அதை மட்டும் சொல்.


நவம்பர் 20, 1997

அக்கா,

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அதற்குள் அப்பாவே போய்விட்டார்.

ஐந்து நாள் ஒரே வீட்டில் இருந்தோம். வந்தவர்களுக்கெல்லாம் நீதான் பேசினாய். எத்தனை மணிக்கு மூச்சுத் திணறியது, யார் வண்டி கொண்டுவந்தார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாய். நான் மூலை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுத் தையல்காரி உள்ளே வந்து என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள், ‘பெரியவளே, நீதான் பார்த்துப் பார்த்துச் செஞ்சே’ என்று. நான் திருத்தவில்லை. நீயும் திருத்தவில்லை.

ஆறு மணிக்கு நாம் இரண்டு பேரும் போனைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்துகொண்டோம்.

அவருக்குத் தெரியுமா அக்கா? கையுறை என்று அவர் சொன்னது, தெரிந்து சொன்னதா? இதை யாரிடமும் கேட்க முடியாது. உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.


டிசம்பர் 1, 1997

சின்னவளுக்கு,

ரேடியோ என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அந்தப் பெயர் இனி யாருக்கும் வேண்டாம்.

முதலில் கையுறை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதினால் நீ இன்று நிம்மதியாகத் தூங்குவாய். ஆனால் இந்த வீட்டில் நல்ல எண்ணத்தோடு சொன்ன பொய்யெல்லாம் போதும். எனக்குத் தெரியாது. கையுறை இன்னும் கொடுக்கவில்லை. மறுநாள் அவர் என் கையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் என்ன கேட்டிருப்பாரோ.

இப்போது அந்த ஒரு நொடி. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், வெட்கத்தில் கிழித்துப்போட்டேன். ‘பெரியவ பக்கத்துலதான் இருக்கா’ என்று அவர் சொன்னதுமே நீதான் வந்திருக்கிறாய் என்று புரிந்துவிட்டது. அப்பா, அது நான் இல்ல, சின்னவ, அவ மாறிட்டா, நானும் மாறிட்டேன் என்று சொல்ல அந்த ஒரு நொடி தாராளமாகப் போதும். நான் சொல்லவில்லை. அவருக்காக என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. சொல்லிவிட்டால் நாளையிலிருந்து ஆறு மணிக்கு அவர் என் போனுக்காகக் காத்திருக்கமாட்டாரே என்று நினைத்தேன். இருபத்தைந்து வயதில் முதல்முறையாக என் குரலைக் கேட்க ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதை விட மனசு வரவில்லை. உன் பெயரில் கிடைத்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

அதனால்தான் நிலையத்துக்கும் வரவில்லை. ஏழு மணிக்குப் பாதித் தூரம் வந்து, திரும்பிவிட்டேன்.

நான் பேசாதவள் என்று எல்லோரும் சொன்னதும் அப்படித்தான், தெரிந்துகொள். அப்பாவைத் திரும்பிப் பார்க்க வைத்தது உன் பேச்சு. நடுவில் நான் வாய் கொடுத்துக் கெடுக்கக் கூடாது என்று ஒதுங்கினேன். ஒதுங்கி ஒதுங்கி அதுவே குணமாகிவிட்டது. நீ போன பிறகுதான் எனக்கும் வாய் இருப்பது தெரிந்தது. அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. நீ இப்போது யார் என்றும் தெரியாது, நான் யார் என்றும் தெரியாது. இரண்டு மகள்களை வளர்த்தவர், அந்த இருவரையும் பார்க்காமல் போனார். கண்ணால் பார்க்காததைச் சொல்லவில்லை.

நீ எழுந்து போன பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. முக்காலி நகர்ந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்பா பேச்சை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: ‘பெரியவ எழுந்து போயிட்டா போல. ரேடியோ, அவகிட்ட நீ ஒண்ணு சொல்லணும். எனக்கு நேர்ல சொல்ல வராது. அவ இப்படி வந்து பக்கத்துல பேசாம உட்கார்ந்தா, எனக்குக் கண்ணு இல்லாததே மறந்துபோகுது. இன்னிக்கு ரொம்ப நேரம் மறந்திருந்தேன்.’

சொல்கிறேன்பா என்றேன்.

அப்பா எனக்கென்று சொன்னது என் வயதுக்கு அது ஒன்றுதான். முக்காலியில் தினமும் உட்கார்ந்தவள் நான், அதனால் அதில் பாதி எனக்கும் சேரும் என்று இரண்டு மாதமாக அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தது நான் இல்லை. நான் போனில் பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி விடுமுறைக்கு வா. நான் பேசிக்கொண்டே இருப்பேன், இப்போது அடக்க முடியவில்லை. நீ கேட்டால் போதும்.

அப்பா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா